கொடிக்கம்பில் மஞ்சள் புடவை

எங்கள் பைபர் படகின் முகப்பில் இரண்டு பக்கமும் என் பெயர் இருந்தது. கல்யாணமான வருஷம் என் வீட்டுக்காரர் எழுதவைத்தது. மீன்பிடித் தடைக்காலத்தில் படகுகளைப் பார்வையிட வந்த மீன்வளத்துறை அதிகாரி அதைப் பார்த்துவிட்டு, முகப்பில் பதிவு எண்தான் இருக்க வேண்டும், தூரத்திலிருந்தே படிக்கும்படி தெரிய வேண்டும், வேறு எழுத்து கூடவே கூடாது என்றார். படகுக்குப் பச்சை அடிக்க வேண்டும், வலையின் மிதவைகளிலும் அதே எண்ணை எழுத வேண்டும் என்றும் சொல்லிவிட்டுப் போனார். மறுநாளே பெயின்டர் வந்து என் பெயர் மேல் பச்சையை இழுத்தார். என் முகத்திலேயே பூசியதுபோல் இருந்தது எனக்கு.

அதைக்கூடப் பொறுத்துக்கொண்டிருப்பேன். என் ஓர்ப்படியின் பெயர் மட்டும் அப்படியே இருந்ததைத்தான் பொறுக்க முடியவில்லை. அவள் என் வீட்டுக்காரரின் அண்ணன் மனைவி. மூத்தாருடையது லாஞ்சு, கேபின் வைத்த விசைப்படகு; எங்களைப்போல வலை போட்டு எடுப்பதுதான், ஆனால் பெரியது. முகப்பில் எண்ணை எழுதிய பிறகும் கேபினின் பின்பக்கம் இடம் மிச்சம். அங்கே அவள் பெயர், சுற்றிலும் ரோஜாப்பூ வேறு. காசிமேட்டில் மீன் எடுக்கப் போகும்போதெல்லாம் அது கண்ணில் படும். எனக்கு வயிறு எரியும். சட்டம் போட்டவர்கள் கேபின் இல்லாத படகுக்காரியைக் கொஞ்சம் நினைத்துப் பார்த்திருக்க வேண்டாமா?

“பேரு போனா போவட்டும்மே. கடல்ல உன் பொடவ பறந்துகினு கீது, அது போதாதா?” என்று வீட்டுக்காரர் சமாதானம் சொன்னார்.

அது உண்மைதான். வலையைக் கடலில் போட்டுவிட்டு வந்தால், திரும்பப் போகும்போது இடம் தெரிய வேண்டும். அதற்காக வலையின் இரண்டு முனையிலும் மிதவையில் மூங்கில் கம்பு நட்டு, உச்சியில் துணி கட்டுவார்கள். எங்கள் பக்கத்தில் அது அந்தந்த வீட்டுக்காரியின் பழைய புடவையாகத்தான் இருக்கும். இன்னொரு வீட்டுத் துணி பறக்கும் வலையை யாரும் தொட மாட்டார்கள். என்னுடையது அரக்கு நிறம். எம்.சி. ரோட்டுத் துணிக்கடையில் எடுத்து, பெரியவனின் ஞானஸ்நானத்துக்குக் கட்டிய புடவை. நானே கிழித்து, ஓரம் மடித்துத் தைத்துக் கொடுத்தேன். படகில் இல்லாவிட்டாலும் கடலில் நான் இருக்கிறேன் என்று மனசைத் தேற்றிக்கொண்டேன்.

ஒருநாள் காலையில் அவர் வெறுங்கையோடு வந்து வாசலிலேயே உட்கார்ந்துவிட்டார்.

“வலையக் காணோம்மே. அந்த எடத்தையே சுத்திச் சுத்திப் பாத்துட்டேன்.”

எங்களிடம் இருந்தது அந்த ஒரு வலைதான். அதை வைத்துத்தான் சோறு. கரையில் மற்ற படகுக்காரர்களை விசாரிக்கிறேன் என்று அவர் எழுந்து போனார். நான் அடுப்புப் பற்றவைக்காமல் உட்கார்ந்திருந்தேன்.

மத்தியானம் தெருமுனையில் ஒரு மீன்பாடி வண்டி திரும்பியது. அதில் எங்கள் வலை குவிந்திருந்தது. பக்கத்திலேயே என் ஓர்ப்படி நடந்து வந்தாள். மிதவையில் எங்கள் எண்ணைப் பார்த்ததும் எனக்கு அழுகையே வந்துவிட்டது. என் பெயரைத் தின்ற எண் அது. அன்றைக்கு அதைக் கும்பிடலாம்போல் இருந்தது.

அடுத்த நிமிஷம் கொடிக்கம்பைப் பார்த்தேன். மஞ்சள் துணி, மாங்காய் கரை. அவள் மாதா கோயில் தேருக்குக் கட்டிய புடவை. அவள் அதைக் கட்டிய அன்றைக்கே எனக்கு ஆகவில்லை.

“உன் வூட்டுக்காரன் வலைதாம்மே. எங்காளு தெரியாம இழுத்துட்டாரு. கரைக்கு வந்து மிதப்புல நம்பரப் பாத்தாத்தான் தெரியுது. மீனு ஐஸ்ல கீது, எடுத்துக்கோ.”

“தெரியாம எப்டிக்கா இழுப்பாரு?”

“என் பொடவ பறந்துகினு இருந்துச்சாம். அம்மாந் தூரத்துலயே கண்டுகினாராம், ‘டேய், அது என் பொண்டாட்டி பொடவடா’ன்னு. அப்பால நம்பர யாரு பாக்கறா?”

சொல்லிவிட்டு வெட்கப்பட்டுச் சிரித்தாள். அந்தச் சிரிப்பைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. இத்தனை வருஷம் ஆகியும், கடலில் அவ்வளவு தூரத்தில், ஒரு முழத் துணியைப் பார்த்து அந்த மனுஷனுக்குத் தெரிந்திருக்கிறது.

அதற்குள் விஷயம் கேள்விப்பட்டு என் வீட்டுக்காரர் ஓடிவந்தார். வலையைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார்.

“என் பொடவ எங்கய்யா?” என்றேன்.

“அது காத்துல கிழிஞ்சி போச்சி. அண்ணன் லாஞ்சுல மிசினு தொடைக்கிற துணி கெடந்துச்சி, எடுத்துக் கட்னேன். அதான் நம்பர் கீதே, துணி எதுவா இருந்தா இன்னா?”

தேருக்குக் கட்டிய புடவை மிஷின் துடைக்கப் போயிருக்கிறதே என்று ஒரு நிமிஷம் என் வயிறு குளிர்ந்தது. ஆனால் அந்த அழுக்குத் துணியைத்தான் அவள் புருஷன் அடையாளம் கண்டிருக்கிறார். எனக்கு ஆத்திரம் இன்னும் ஏறியது.

“யோவ், கிழிஞ்சிபோன என் பொடவ இன்னா கலரு? சொல்லு பாப்போம்.”

பாவம், யோசித்தார். வலையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். படகு நம்பரைக் கேட்டிருந்தால் தூக்கத்தில்கூடச் சொல்லியிருப்பார்.

“பச்சை,” என்றார்.

நான் வாயைத் திறப்பதற்குள் என் ஓர்ப்படி சொன்னாள்: “அரக்கு, தம்பி. பெரியவன் ஞானஸ்நானத்துக்குக் கட்னா. அவ்ளோ நல்லா இருந்துச்சி அவளுக்கு.”

அதை அவள் சொன்னதுதான் எனக்கு இன்றுவரைக்கும் ஆறவில்லை.