நாலு நிறத்தில் மாமா

நாலே நாலு நிறம் என்றால் வேலையும் அதற்கேற்ப குறைவாகத்தான் இருக்கும் என்று நம்பினேன். வெள்ளை, மஞ்சள், சிவப்பு, கறுப்பு. இவை போதும், எந்த முகமும் வரும் என்று கைபேசி வீடியோவில் ஒருவர் சொன்னார். பெங்களூரு ரயிலில் தினம் போய்வரும் நேரத்தில் அந்த வீடியோவைப் பதினைந்து தடவை பார்த்திருப்பேன். தூரிகையைத் தொட்டது ஒரு தடவைகூடக் கிடையாது. மாமனாரின் எண்பதாவது பிறந்தநாளுக்கு எண்ணெய் ஓவியம் வருகிறது என்று மனைவி அதற்குள் எங்கள் ஊர் ராபர்ட்சன்பேட்டை முழுக்கச் சொல்லிவிட்டாள்.

ஞாயிறு காலை மாமாவைச் சுவர் அலமாரிக்கு முன்னால் உட்காரவைத்து, "அசையக் கூடாது மாமா" என்றேன். யாரிடம் சொல்கிறேன் என்று யோசித்திருக்க வேண்டும். தங்கச் சுரங்கத்தில் ஆட்களை ஏற்றி இறக்கும் கேஜ் கூண்டின் இன்ஜினை முப்பது வருஷம் ஓட்டியவர். அடுத்த ஷிப்ட் ஆள் வந்து நிற்காமல் சீட்டைவிட்டு எழுந்ததில்லை.

அரைமணியில் கறுப்பையும் மஞ்சளையும் கலந்து கன்னத்தில் நிழல் போட்டேன். பச்சை. மேலும் மஞ்சள் சேர்த்தேன். நல்ல பச்சை. சிவப்பு சேர்த்தால் சரியாகும் என்று எனக்கும் தெரியும். ஆனால் அந்த ட்யூபின் மூடி இறுகிப்போய்த் திறக்கவில்லை. குறடு அலமாரியில். அலமாரிக்கு முன்னால் மாமா. எழுந்திருங்கள் என்றால் இந்தப் பக்கம் வந்து படத்தைப் பார்த்துவிடுவார். ஆகவே வரைவதுபோல் நடித்துக்கொண்டே இரண்டு மணிநேரம் காதைப் பச்சையாக்கினேன். எனக்குச் சிறுநீர் முட்டியது. அவர் கண்கூடச் சிமிட்டவில்லை.

மனைவி டீயோடு வந்தாள். அப்பாவின் முகத்தைப் பார்த்தாள், புரிந்துகொண்டாள்.

"எந்திரிங்கப்பா, நான் வந்துட்டேன்."

மாமா உடனே எழுந்தார். அவள் உட்கார்ந்தாள். அவர் நேராகக் கழிவறைக்குப் போனார். அவருக்கும் அதே அவஸ்தையாம். திரும்பி வந்து என் பின்னால் நின்றார். நான் உள்ளுக்குள் நூறடி ஆழத்துக்கு இறங்கிவிட்டேன்.

"இன்னா மாப்ளே, பாசி புடிச்சவன் மாதிரி இருக்கறேன்."

மூடியைக் காட்டினேன். மகளை நகரச் சொல்லி, அலமாரியிலிருந்து குறட்டை எடுத்து ஒரே திருகில் திறந்தார்.

"இதுக்கா ரெண்டு மணிநேரம்? நீங்க சொன்னாத்தானே நான் எந்திரிக்க முடியும்?"

அன்று சாயங்காலம் முகம் மாநிறமானது. படம் கூடத்தில் மாட்டியிருக்கிறது. இடது காது மட்டும் இன்னும் பச்சை.