இலையில் கிடைக்காத பச்சை

பாலக்கும் வேப்பிலையும் ஒரே தண்ணீரில் கொதித்தால் எப்படி ஒரு வாடை வரும் தெரியுமா? மராத்தி ஊரான கசார்வாடியில் எங்கள் வீடு முழுக்க அன்றைக்கு அந்த வாடைதான்...

நானும் ரூபினாவும் ஏழாவது படித்துக்கொண்டிருந்தோம். கீழ்வீட்டுப் பெண், ஆம்பூர்க்காரி. அந்த பில்டிங்கில் எனக்குத் தமிழில் சண்டை போடக் கிடைத்த ஒரே ஆள்.

தசரா லீவு முடிந்ததும் ஸ்கூலில் சயின்ஸ் கண்காட்சி. செடிகொடிகளிலிருந்து துணிக்குச் சாயம் எடுக்க வேண்டும். ஜோடிக்கு ஒரு நிறம். சீட்டுக் குலுக்கியதில் எங்களுக்கு வந்தது பச்சை!

"செம லக்குடி! இலைய வேகவச்சா பச்சை. வேற என்ன வேணும்?" என்று குதித்தாள் ரூபினா.

வேகவைத்தோம். தண்ணீர் பச்சையாகத்தான் இருந்தது. துணி மட்டும்... டீ கொட்டிய மாதிரி ஒரு நிறம்.

கொத்தமல்லி, முருங்கை, ரோட்டோரத்தில் பேர் தெரியாமல் முளைத்தது எல்லாம் பறித்துவந்து பார்த்தோம். ஊரெல்லாம் பச்சையாக நிற்கிறது, ஒரு இலைகூட அதைத் துணிக்குக் கொடுக்க மாட்டேன் என்கிறது! "இனிமே என் பாத்திரத்தத் தொட்டீங்க..." என்று அம்மா அடுப்பையே அணைத்துவிட்டார்.

கண்காட்சிக்கு முதல் நாள் மத்தியானம், ஹைவேயை ஒட்டி இருந்த அப்பாவின் லேத் பட்டறைக்கு ஓடினோம். தசரா பூஜைக்கு மெஷின்களுக்குப் போட்ட செண்டுமல்லி மாலைகள் மூலையில் குவிந்து கிடந்தன.

"மஞ்சளாவது கொண்டுபோவோம்டி... வெறுங்கையோட எப்படிப் போறது?" என்றாள் ரூபினா.

அப்பா ஒரு துருப்பிடித்த பழைய டின்னைத் தந்து, வாசலில் செங்கல் அடுப்பு கூட்டிக் கொடுத்தார். பூ கொதித்தது. துணியைப் போட்டோம். கொஞ்ச நேரம் கழித்துக் குச்சியால் தூக்கினால்...

பச்சை!! தாபோடி பக்கம் மிலிட்டரி லாரி போகுமே, அச்சு அசல் அந்தப் பச்சை!

நாங்கள் போட்ட கூச்சலில் அப்பா மெஷினை நிறுத்திவிட்டு ஓடிவந்தார். "என்னாச்சு, கைய சுட்டுக்கிட்டீங்களா?"

"இல்ல அங்கிள், கலர்! கலர்!"

எப்படி வந்தது என்று அவருக்கும் தெரியவில்லை. ரூபினாதான் டின்னுக்குள் தலையை விட்டுப் பார்த்தாள். "ஏய்... இந்தத் துருவோட வேலைடி!" உடனே துருவைச் சுரண்டி, கரையட்டும் என்று புளித்தண்ணீரில் ஊறப்போட்டு, ஒரு பாட்டிலில் ஊற்றி வைத்துக்கொண்டாள்.

மறுநாள் டீச்சர் எங்கள் துணியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "பெயின்ட்தானே? கரம் சாங்கா!" உண்மையைச் சொல்லுங்கள் என்கிறார். வகுப்பே திரும்பிப் பார்க்கிறது.

ரூபினா விறுவிறுவென்று எழுந்து போனாள். மஞ்சள் ஜோடியிடம் அவர்களுடைய செண்டுமல்லித் துணியில் ஒரு துண்டு கேட்டு வாங்கினாள். அதன் மேல் பாட்டிலைக் கவிழ்த்தாள்.

மஞ்சள் மங்கியது... கறுத்தது... எல்லார் கண் முன்னாலும் பச்சையாக மாறியது!

பெஞ்சு மேல் ஏறிக் கத்தினார்கள். டீச்சரே பாட்டிலை வாங்கி இன்னொரு துண்டில் ஊற்றிப் பார்த்துச் சிரித்தார். பரிசு வேறு யாருக்கோ போனது. யாருக்கு வேண்டும் பரிசு!

அதற்கப்புறம் ஸ்கூல் போகிற வழியில் ஒரு செடியை விட்டதில்லை. கசக்குவோம், யூனிஃபார்மில் தேய்ப்போம், வீட்டில் அடி வாங்குவோம்...

இப்போது ஹடப்சரில் ஆபீஸ். அலமாரியில் எத்தனையோ பச்சைக் குர்தா. எதன் நிறம் எங்கிருந்து வந்தது என்று ஒருநாளும் கேட்டதில்லை. வழியில் எந்த மரம் பூத்தது, எது வெட்டுப்பட்டது என்றும் தெரியாது. தலை போனில் அல்லவா இருக்கிறது.

நேற்று பஸ் ஸ்டாப் வேலியில் ஒரு செம்பருத்தி. என்ன தோன்றியதோ, பறித்து வெள்ளைக் கர்ச்சீப்பில் தேய்த்தேன். சிவப்புப் பூ... விழுந்தது ஊதாக் கறை! பார்த்துக்கொண்டே நின்றதில் பஸ் போய்விட்டது.

நாக்பூரில் இருக்கிற ரூபினாவுக்குப் போட்டோ அனுப்பினேன். ஒரு நிமிஷத்தில் பதில்:

"துவைச்சுடாதடி. சண்டே வரேன்."