ஞானம்மாள் அடித்த வரி

சனிக்கிழமை காலை ஐந்து ஐம்பதுக்கு கிறிஸ்டி போன் செய்தாள். "அக்கா, அம்மா எழுந்திருக்கல" என்றாள். அன்று மாலை ஆறரைக்கு எங்கள் தையல் கூடத்தின் நன்கொடை விருந்து.

கிறிஸ்டியின் அம்மா ஞானம்மாள், இரும்புலியூரில் உள்ள அந்தக் கூடத்தில் பதினொரு வருடம் துணிப்பை தைத்தார். பை விற்று வருவதில் கூலி போக மிஞ்சுவதை வைத்துப் புதிதாக வரும் பெண்களுக்குத் தையல் கற்றுக்கொடுக்கிறோம். அது போதாததால்தான் வருடம் ஒரு விருந்து. தைக்கும் பெண்கள் மேசைக்கு ஒருவராக விருந்தினரோடு உட்கார வேண்டும். கேள்விகளுக்குப் பதில் சொல்லியே தட்டு ஆறிவிடும். ஞானம்மாள் வீட்டிலேயே சாப்பிட்டுவிட்டு வருவார். "அந்தப் பன்னீரு மசாலா நம்ம கண்ணுக்குத்தான் தீபா, வாய்க்கு இல்ல" என்பார்.

முதல் வருட விருந்துக்கு, ஞானம்மாளின் கதையைச் சொல்லும் நோட்டீஸை எழுதியவள் நான். அவர் கணவர் டேனியல் ஈரல் கெட்டு இறந்தார் என்று கேட்டதும், 'குடிகாரக் கணவனை இழந்தவர்' என்று எழுதிவிட்டேன். உண்மையில் டேனியலுக்கு வந்தது மஞ்சள் காமாலை. மேடையில் அதைப் படித்தபோது பலர் கண்ணைத் துடைத்தார்கள். அதன்பிறகு அந்த வரியை எடுக்க நிர்வாகி ஷ்யாம்சுந்தர் சார் சம்மதிக்கவில்லை. "கதைய மாத்தினா போன வருஷம் வந்தவங்க என்ன நினைப்பாங்க?" என்றார். வருடாவருடம் ஞானம்மாள் மேடையில் நின்று, தலை குனிந்தபடி அதைக் கேட்டார்.

இந்த வருடம் பரிமாற கிறிஸ்டி வருவதாகச் சொல்லியிருந்தாள். புதன்கிழமை அச்சாகி வந்த இருநூறு நோட்டீஸையும் ஞானம்மாள் தன் மெஷின் பக்கம் இழுத்து வைத்துக்கொண்டார்.

"அப்பன பத்தி இத எம் பொண்ணு படிக்கணுமா? டீயத் தவிர அந்தாளு இன்னா குடிச்சாரு?"

"பிரிண்ட் ஆயிடுச்சேக்கா."

"ஆவட்டும். மார்க்கர் ஒண்ணு கீதா?"

கொடுத்தேன். வேலைக்கு நடுவே, தையல் ஓட்டுவதுபோல நேர்கோடாக அந்த வரியை அடித்துக்கொண்டே வந்தார். வெள்ளிக்கிழமை மாலைக்குள் நூற்றிருபது முடிந்திருந்தது. "மீதிய நாளைக்கு மண்டபத்துல முடிச்சிரலாம்" என்று மார்க்கரை என் கையில் கொடுத்துவிட்டுப் போனார்.

சனிக்கிழமை, சாவு நடந்த அவர் வீட்டிலிருந்து நேராக மண்டபத்துக்குப் போய், விருந்தைத் தள்ளிவைக்கலாமா என்று சாரிடம் கேட்டேன். அடக்கம் ஞாயிற்றுக்கிழமைதான்.

"எழுபது பேருக்குச் சொல்லியாச்சு, தீபா. அவங்க கதைய நீங்களே படிச்சுடுங்க." பிறகு நோட்டீஸ் கட்டைப் புரட்டினார். "இதென்ன, மை கொட்டின மாதிரி? சுத்தமா இருக்கறத மட்டும் டேபிள்ல வைங்க."

வைத்தேன். விருந்தினர் வர இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது. சார் அவர்களை எதிர்பார்த்து வாசலிலேயே நின்றார்.

விருந்தில் ஞானம்மாளுக்கு ஒரு நிமிட மௌன அஞ்சலி முடிந்ததும் மேடையேறிப் படித்தேன். அந்த வரி வந்ததும் தாண்டி அடுத்ததற்குப் போனேன். முன் மேசையில் விரல் வைத்துக் கூடவே படித்துக்கொண்டிருந்த ஒரு அம்மாள் நிமிர்ந்து, "ஒரு வரி விட்டுட்டீங்களேம்மா" என்றார். கனிவாகத்தான் சொன்னார். எழுபது பேரும் கையிலிருந்த தாளைப் பார்த்தார்கள். சார் என்னைப் பார்த்தார்.

தாண்டிய வரிக்குத் திரும்பி, அதைப் படித்தேன்.

ஞானம்மாள் அடித்த நூற்றிருபதும் கூடத்தில் ஒரு துணிப்பையில் இருக்கின்றன. மார்க்கர் என் கைப்பையில் இருக்கிறது. மீதி எண்பதில் ஒன்றைக்கூட நான் அடிக்கவில்லை.