மாடி அறை பார்க்க வந்தவர்

இன்சூரன்ஸ் ஆபீசில் அவருக்கு எக்ஸ்ரே என்று பெயர். ஆஸ்பத்திரி எக்ஸ்ரேயில் தெரியாததெல்லாம் இவர் கண்ணில் பட்டுவிடும் என்று மேனேஜர் கிண்டலாக வைத்தது, அப்படியே ஒட்டிக்கொண்டது. வேலையில் அடிபட்டுவிட்டது, நஷ்ட ஈடு கொடுங்கள் என்று யாராவது கேட்டால், அடி நிஜமா நடிப்பா என்று பின்னாலேயே போய்ப் பார்ப்பதுதான் மனுஷனுக்குப் பிழைப்பு. முன்பு கல்யாண வீடுகளில் போட்டோ எடுத்துக்கொண்டிருந்தவர். ஆளாளுக்குக் கையில் போன் வந்ததும் ஸ்டுடியோ படுத்துவிட்டது.

சும்மா சொல்லக்கூடாது, ஆள் கெட்டிக்காரர். முதுகு போச்சு என்று படுக்கையில் கிடந்த ஒருவன் மச்சான் கல்யாணத்தில் குத்தாட்டம் போட்டதைப் படம் பிடித்து வந்தவர் இவர்தான். ஏமாற்றுகிறவனும் இருக்கத்தானே செய்கிறான்! ஆனால் கடைசியாகப் போன கேஸ்களில் எல்லாம் உண்மையிலேயே அடிபட்டவர்களாக வாய்த்துத் தொலைத்தார்கள். வெறுங்கையோடு திரும்பினார். மேனேஜர் கிண்டல் செய்வதையே நிறுத்திவிட்டார். அதுதான் இவருக்குப் பயமாக இருந்தது.

“இந்தத் தடவையும் ஒண்ணும் இல்லைன்னு வந்து நிக்காதீங்க. வேற ஆளைப் போடச் சொல்லி மேலிடத்துல நச்சரிக்கிறாங்க” என்றார் மேனேஜர்.

ஒரு கிடங்கில் மூட்டை தூக்குகிறவன் மேல் மூட்டை அடுக்கு சரிந்து விழுந்து, வலது தோளில் தசை கிழிந்துவிட்டது. கையை இனித் தோளுக்கு மேல் தூக்க முடியாது என்கிறான். கிடங்கு முதலாளி நம்பவில்லை.

“நல்லா நடிக்கிறான் சார். இவனுக்குக் குடுத்தா நாளைக்கு என் கிடங்குல எல்லார் தோளும் வலிக்கும். அடுத்த வருஷம் நீங்க பிரீமியத்தை ஏத்துவீங்க, நான்தான் உக்காந்து அழணும்.”

சம்பளம் நின்றதும் மூட்டைக்காரன் குடும்பத்தைக் கீழே நெருக்கியடித்துக்கொண்டு, மாடி அறை வாடகைக்கு என்று வாசலில் பலகை மாட்டியிருந்தான். எக்ஸ்ரே அறை பார்க்கிற சாக்கில் நுழைந்தார்.

“வாங்கண்ணே” என்று வாய் நிறையக் கூப்பிட்டு, இடது கையால் நாற்காலியை இழுத்துப் போட்டான். காற்று நன்றாக வரும், தண்ணீருக்குப் பஞ்சமில்லை என்று வெள்ளந்தியாகப் பேசிக்கொண்டே போனான். மனைவி சாவி எடுக்க உள்ளே போனாள். எக்ஸ்ரே போனைப் பிடித்தபடி வீட்டைப் படம் எடுப்பதுபோல் முற்றத்தில் நின்றார்.

மாடிக்கு வெளிப்பக்கமாகப் படிக்கட்டு. கைப்பிடிச் சுவர் கிடையாது. அப்போதுதான் நடக்கப் பழகியிருந்த பெண் குழந்தை, பேச்சு சுவாரசியத்தில் யாரும் கவனிக்காதபோது, தவழ்ந்து தவழ்ந்து மேல்படிக்குப் போய்விட்டது. அங்கிருந்து “அப்பா” என்று கூப்பிட்டுத் திரும்பியது. கால் இடறியது.

அவன் பாய்ந்தான். வலது கை தலைக்கு மேலே போனது. குழந்தை அந்தக் கையில் வந்து விழுந்தது. கல்யாண வீட்டுப் பழக்கம், எக்ஸ்ரேயின் விரல் தன்னால் அழுத்திவிட்டது.

குழந்தையைக் கீழே இறக்கிய பிறகுதான் அவன் கத்தினான். அப்படியொரு கத்தலை எக்ஸ்ரே தன் ஜன்மத்தில் கேட்டதில்லை. தோளைப் பிடித்துக்கொண்டு தரையில் சுருண்டான். இவர்தான் ஓடிப்போய்த் தண்ணீர் கொண்டுவந்தார், தெருவில் வண்டி பிடித்தார். “அண்ணே, பாப்பாவைக் கொஞ்சம் பாத்துக்குங்க” என்று மனைவி குழந்தையை இவர் கையில் கொடுத்துவிட்டுப் புருஷனோடு ஏறினாள். பக்கத்து வீட்டம்மா வரும்வரை அது இவர் சட்டைப்பையைப் பிடித்துக்கொண்டு அழுதது.

படத்தைப் பார்த்த மேனேஜருக்கு முகமெல்லாம் பல். “அடடா, எக்ஸ்ரேன்னா எக்ஸ்ரேதான்!” படத்தில் தூக்கிய கை இருந்தது, கத்தல் இல்லை.

“அப்புறம் ரொம்பத் துடிச்சுப் போயிட்டான் சார்” என்று எக்ஸ்ரே இழுத்தார்.

“அதெல்லாம் உங்களை யாரு கேட்டா? விசாரணையில கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் சொல்லுங்க, போதும்.”

வீட்டில் எக்ஸ்ரே தன் மனைவியிடம் சொன்னார். “அதையும் சொல்லிடுங்களேன், பாவம், பச்சைப் புள்ளைய வச்சிருக்கான்” என்றாள் அவள். “சொன்னா அடுத்த மாசம் நம்ம வீட்டு அடுப்பை யாரு எரிய வைப்பா, உங்கப்பனா?” என்று எரிந்து விழுந்தார். அவள் எழுந்து போய்விட்டாள்.

நஷ்ட ஈட்டு மனு தொழிலாளர் அதிகாரி முன் விசாரணைக்கு வந்த நாளில், அறைக்குள் எக்ஸ்ரே நுழைந்தபோதே மூட்டைக்காரன் முகம் மலர்ந்தது. தனக்காகத்தான் வந்திருக்கிறார் என்று நினைத்தானோ என்னவோ. பாவி, முறைத்திருந்தால்கூடத் தேவலை! கம்பெனி வக்கீல் படத்தை நீட்டினார். நீங்கள் எடுத்ததா? ஆமாம். கை தோளுக்கு மேல் இருக்கிறதா? இருக்கிறது. கேள்வி முடிந்தது.

வக்கீல் வைக்க வழியில்லாமல் தனியாக வந்திருந்தவனிடம் அதிகாரி, “நீங்க ஏதாவது கேக்கணுமா?” என்றார்.

அவன் எழுந்தான். “ஐயா, இந்த அண்ணன் அன்னிக்கு என் கூடவே இருந்தாரு. தண்ணி குடுத்து, வண்டியில ஏத்தி விட்டதே இவருதான். நான் எப்படித் துடிச்சேன்னு இவரையே கேளுங்க. இவரு சொல்லுவாரு.”

அதிகாரி எக்ஸ்ரே பக்கம் திரும்பினார். “அப்படியா? அவருக்கு வலி வந்ததை நீங்க பாத்தீங்களா?”

பின்வரிசையில் மேனேஜர் உட்கார்ந்திருந்தார். எக்ஸ்ரே அவரை ஒரு தடவை திரும்பிப் பார்த்தார். பார்த்தேன் என்ற சொல் நாக்கு நுனிக்கு வந்துவிட்டது, சத்தியமாக வந்துவிட்டது.

“இல்லைங்க. படம் எடுத்ததும் நான் கிளம்பிட்டேன்.”

மூட்டைக்காரன் இவரைத் திரும்பிப் பார்த்தான். பிறகு அதிகாரியிடம், இவருக்கு ஏதும் சங்கடம் வந்துவிடக்கூடாதே என்பதுபோல் மெதுவாகச் சொன்னான்.

“மறந்திருப்பாருங்க ஐயா. அன்னிக்கு அவரும் ரொம்பப் பயந்துட்டாரு.”

அதிகாரி அதை எழுதிக்கொள்ளவில்லை. மனு தள்ளுபடி ஆனது.