தண்ணீர் பாட்டிலோடு நின்ற இன்ஸ்பெக்டர்

வரதன் சார் போய்விட்டார். அவசரமாக எழுதுகிறேன், பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நாளைக்குப் பெங்களூர் தொம்மலூரில் அவருக்குப் பாராட்டு விழா. அதற்காக முடி வெட்டிக்கொள்ள இன்று காலை சலூனுக்குப் போயிருக்கிறார்... வெட்டி முடித்துத் துணியை எடுத்தபோது நாற்காலியில் சாய்ந்தபடியே உயிர் போயிருந்தது.

செவ்வாய்க்கிழமைதான் போனில் பேசினேன். ஒரு இருமல்கூட இல்லை அந்தக் குரலில். இன்னும் நம்ப முடியவில்லை.

தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். தொண்ணூறுகளில் மாத நாவல் எழுதிய வரதன். நாங்கள் இருவரும் ஒரே ஃபேக்டரியில் வேலை பார்த்தோம், அவர் ஸ்டோர்ஸ், நான் டிஸ்பாட்ச்.

எல்லாக் கதையிலும் ஒரே இன்ஸ்பெக்டர், தேவய்யா. மாதத்துக்கு ஒரு அழகி. அவள் இரண்டு பேரையாவது தீர்த்துக்கட்டிவிட்டு பெங்களூர் மழையில் ஓடுவாள், தேவய்யா பாதி மயங்கியபடியே துரத்துவார், கடைசிப் பக்கத்தில் அவள் கதை முடிந்துவிடும்.

ஒரே ஒருத்தி தப்பித்தாள். ஷர்மிளா.

கன்டோன்மென்ட் ஸ்டேஷன். தேவய்யாவின் பாக்கெட்டில் விலங்கு. ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கும் ஷர்மிளா காலி பாட்டிலை நீட்டி, கொஞ்சம் தண்ணி பிடித்துத் தருகிறீர்களா என்று கேட்கிறாள். அவரும் பிடிக்கப் போகிறார்... திரும்பும்போது வண்டி நகர்ந்துவிட்டது. நிறைந்த பாட்டிலோடு பிளாட்பாரத்தில் நிற்கிறார்.

காலையிலிருந்து எல்லோரும் இந்த சீனைத்தான் போஸ்ட் செய்கிறீர்கள். வரதனைத் தவிர யாரால் இப்படி எழுத முடியும் என்று ஒருவர் கேட்டிருக்கிறார்.

அந்தப் பக்கத்தை எழுதியது நான்.

செத்த அன்றைக்கே இதைச் சொல்ல வேண்டுமா என்று திட்டுவீர்கள். திட்டுங்கள். வேறு என்றைக்குச் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை.

அவர் கையெழுத்து கோழிக் கிறுக்கல். அச்சுக்கோர்ப்பவர்களே கையெடுத்துக் கும்பிட்டுவிட்டார்கள். ஜோகுபாளையத்தில் எங்கள் வீட்டில் செகண்ட் ஹேண்ட் தமிழ் டைப்ரைட்டர் ஒன்று இருந்ததால் வேலை என்னிடம் வந்தது.

பதினான்கு பெண்களை இந்த விரல்களாலேயே சாகடித்திருக்கிறேன். குண்டு, விஷம், மொட்டை மாடி... ஒருத்தியையாவது விடுங்களேன் சார் என்று ஒரு நாள் கேன்டீனில் கேட்டேன்.

"அவ தப்பிச்சா ரீடர் சும்னே இருப்பானாம்மா?" என்றார், 'சும்மா'வைக் கன்னடத்தில் சொல்லி. அதோடு சாம்பார் நன்றாக இருக்கிறது என்று பேச்சை மாற்றிவிட்டார்.

டைப் அடித்ததை அவர் ஒரு முறை படித்த பிறகுதான் கூரியரில் சென்னைக்குப் போகும். ஷர்மிளா கதை போகவேண்டிய மாதம் அவருக்கு டைபாய்டு. நீயே அனுப்பிவிடு என்று சொல்லி அனுப்பினார்.

ஷர்மிளாவை அவர் தண்டவாளத்தில் சாகடித்திருந்தார். தேவய்யா துப்பாக்கியை எடுத்தார் என்பது வரை அடித்தேன். அதற்கு மேல் ஓடவில்லை. பேப்பரை உருவிப் போட்டுவிட்டு வேறு பேப்பர் செருகினேன்.

ஸ்டேஷன் வந்தால் ஆண்கள் தண்ணீர் பிடிக்க இறங்குவதும், வண்டி கிளம்பும்வரை வீட்டுப் பெண்கள் பதறுவதும் பார்த்துப் பழகியதுதானே. ஒருத்தி பதறாமல் உட்கார்ந்திருந்தால் என்ன என்று தோன்றியது. அவ்வளவுதான். பத்து நிமிஷத்தில் முடிந்துவிட்டது.

புத்தகம் வந்த அன்று என் டேபிளுக்கு வந்தார். பாதியாய் இளைத்திருந்தார். கடைசிப் பக்கத்தைத் திறந்து என் முன்னால் வைத்தார்.

"டைப்பிங் மிஸ்டேக் சார்" என்றேன். பயத்தில் வேறொன்றும் வரவில்லை.

புத்தகத்தை மூடிக் கையில் எடுத்துக்கொண்டார். "இனிமே மிஸ்டேக் பண்ணாதீங்க." ஒருமையில் கூப்பிடுகிறவர் அன்றைக்கு மட்டும் 'ங்க' போட்டார்.

அப்புறம் வாசகர் கடிதங்கள் மூட்டையாக வந்ததாக ஸ்டோர்ஸில் பேசிக்கொண்டார்கள். என்னிடம் அவர் சொல்லவில்லை. அடுத்த கைப்பிரதியில் ஷர்மிளா உயிரோடு இருந்தாள், அதையும் நான்தான் அடித்தேன்.

சில வருஷம் கழித்து ஒரு வாசகர் கூட்டத்தில் ஒருவர் அந்த முடிவைப் பற்றிக் கேட்டார். மனைவியோடு ஊருக்குப் போகும்போது ஸ்டேஷனில் தோன்றியது என்று அழகாகச் சொன்னார் சார். எல்லோரும் கை தட்டினார்கள். மூன்றாவது வரிசையில் உட்கார்ந்து நானும் தட்டினேன்.

வயிறு எரிந்தது. இதை நான் மறைக்கப்போவதில்லை. அதன்பிறகு டைப் அடிக்க முடியாது, கண் வலி என்று சொல்லிவிட்டேன். அவரும் வற்புறுத்தவில்லை.

செவ்வாய்க்கிழமை போனில் சொன்னது இதுதான். "லோகா, ஞாயித்துக்கிழமை கண்டிப்பா வரணும்மா. ஒரு விஷயத்த மேடையிலயே சொல்லிடணும்னு இருக்கேன்."

என்ன விஷயம் சார் என்று கேட்டேன். வாம்மா, சொல்கிறேன் என்று சிரித்தார்.

அது இதுதானா... வேறு ஏதாவதா? இனி யாரைக் கேட்பேன்?

மத்தியானம் வீட்டுக்குப் போயிருந்தேன். புதிதாக வெட்டிய முடியோடு பளிச்சென்று படுத்திருந்தார். மாப்பிள்ளை மாதிரி இருக்கிறார் என்று யாரோ சொல்ல, எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

நாளைய விழாவை அஞ்சலிக் கூட்டமாக மாற்றிவிட்டார்களாம். அவர் பெண் மஞ்சு என் கையைப் பிடித்துக்கொண்டாள். "ஆன்ட்டி, அப்பாவோட அந்தக் கடைசிப் பக்கத்த நீங்க மைக்ல வாசிக்கிறீங்களா? அவர் எழுத்த உங்களுக்குத்தான் நல்லா தெரியும்."

சரி என்று சொல்லிவிட்டேன்.

மஞ்சு, நீ இதைப் படிப்பாய் என்று தெரிந்துதான் எழுதுகிறேன். வாசிக்க வேண்டாம் என்று தோன்றினால் காலைக்குள் ஒரு மெசேஜ் போடு, தப்பாக நினைக்க மாட்டேன்.

வாசிக்கச் சொன்னால் வந்து வாசிக்கிறேன். யார் எழுதியது என்று யாரும் கேட்காவிட்டால், நானாக அங்கே சொல்ல மாட்டேன்.

வரதன் சார்... நிம்மதியாகப் போங்கள்.