கை வைக்காத ரவிக்கை

தேனி கடைவீதியில் அப்பாவுக்கு ஜவுளிக்கடை இருந்தது. கடையின் பின்பக்கத்துச் சின்ன அறையில் என் தையல் மிஷின். பத்தாவது முடித்து, மதுரையில் விடுதியில் தங்கித் தையல் படித்துவிட்டு வந்தவள் நான். கடையில் சேலை எடுக்கும் பெண்களுக்கு அங்கேயே அளவெடுத்து ரவிக்கை தைத்துக் கொடுப்பேன். அப்போது எனக்கு இருபத்தாறு வயது. ரவிக்கை விஷயத்தில் கறாரான கருத்துகள் உண்டு. யாராவது கழுத்தை ஒரு விரல் இறக்கச் சொன்னால், "இம்புட்டு எறங்கணுமாக்கா?" என்று கேட்காமல் விடமாட்டேன். பாதிப் பேர் அந்த ஒரு கேள்வியிலேயே, வேண்டாம் என்று சொல்லிவிடுவார்கள். அதில் எனக்கு ஒரு திருப்தி.

எழுபதுகளின் கடைசியில் ஒரு சித்திரை. வீரபாண்டித் திருவிழா முடிந்து ஊர் இன்னும் அடங்கவில்லை. வியாபாரிகளும் சினிமாக் கொட்டகைக்காரர்களும் சேர்ந்து ஒரு விருது விழா நடத்தினார்கள். போடி மலையடிவாரத்தில் அப்போது ஒரு படப்பிடிப்பு நடந்துகொண்டிருந்ததால் நடிகர்களைக் கூட்டிவருவது சிரமமாக இல்லை. சிறந்த நடிகைக்கான கேடயம் அந்தப் படப்பிடிப்பில் இருந்த நடிகைக்கு. அதை வழங்கப் போகிறவர், முந்தைய படத்தில் அவருக்குத் தகப்பனாக நடித்த மூத்த நடிகர்.

விழாக் குழுவில் அப்பாவும் ஒருவர். நடிகை எங்கள் கடைச் சேலையைக் கட்டிக்கொண்டு மேடையேற வேண்டும் என்று அவருக்கு ஆசை. மயில்கழுத்து நிறத்தில் அரக்குக் கரை வைத்த பட்டுச் சேலையை எடுத்து வைத்தார். அதோடு சேர்ந்தே நெய்த ரவிக்கைத் துண்டும் உண்டு. நடிகைக்குப் படப்பிடிப்பிலிருந்து விடுமுறை கிடைத்ததே விழா நாள் காலையில்தான். அதனால் அன்றைக்கே அளவெடுத்து, அன்றைக்கே தைத்தாக வேண்டும்.

பயணியர் விடுதியில் அவர் ஒரு வாளி வெந்நீருக்குள் கால்களை விட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கதைப்படி செருப்பில்லாமல் பாறையில் நடக்க வேண்டுமாம். பாதமெல்லாம் கீறல். அளவெடுக்க எழுந்தபோது தரையில் ஈரத் தடம் பதிந்தது.

"கை எவ்வளவு வைப்பீங்க?" என்று கேட்டார்.

"முழங்கைக்கு ரெண்டு விரல் மேல இருக்கும்மா. இங்கன எல்லாரும் அப்படித்தான் போடுவாக."

"சரி. வெயில் ஜாஸ்தியா இருக்கு, இன்னும் கொஞ்சம் ஏத்தியே வைங்க."

சேலையை அவரிடமே விட்டுவிட்டு, துண்டை மட்டும் வெட்டிக்கொண்டு கடைக்கு வந்தேன். சாயங்காலத்துக்குள் உடல் பகுதியைத் தைத்து முடித்துவிட்டேன். கைகளுக்கு வெட்டிய இரண்டு துண்டுகளையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து ஓரம் மடித்துத் தேய்க்கப் போனேன். மின்சாரம் இல்லை. கரி போட்டுத் தேய்க்கும் கரிப்பெட்டியை விசிறி, கங்கு பிடித்ததும் எடுத்து வந்து வைத்தேன். அதன் ஓட்டையிலிருந்து ஒரு கங்கு தெறித்து விழுந்தது. தட்டிவிடக் கை நீட்டுவதற்குள் தலைமுடி பொசுங்குவதுபோல நாற்றம். இரண்டு துண்டுகளின் நடுவிலும் புளியங்கொட்டை அளவுக்கு ஓட்டை விழுந்து, சுற்றிலும் கருகிச் சுருங்கியிருந்தது. அந்தத் துணியில் மீதம் கைக்குட்டை அளவுகூட இல்லை.

அப்பாவிடம் சொல்லவில்லை. கருகிய துண்டுகளைப் பைபிளுக்குள் ஒளித்து வைத்துவிட்டு, ரவிக்கையை எடுத்துக்கொண்டு விடுதிக்கு ஓடினேன். விழாவுக்கு இன்னும் ஒரு மணி நேரம்தான் இருந்தது. வாசலில் கார் வந்து நின்றிருந்தது.

"அம்மா, தப்பு நடந்துபோச்சு. கை கருகிப்போச்சு," என்று சொல்லும்போதே அழுதுவிட்டேன். "சேலையில உள்சுத்துல ஒரு சாண் வெட்டித் தந்தா ஓடிப்போய்த் தச்சுட்டு வந்துருவேன்."

அவர் காரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "எதுக்கு ஓடறீங்க? கை வேண்டாம். ஓரத்தை மட்டும் மடிச்சுக் கொடுங்க."

அவருடைய கட்டிலிலேயே உட்கார்ந்து தோள் ஓரங்களை ஊசியால் மடித்துத் தைத்தேன். போட்டுக்கொண்டு கண்ணாடி முன்னால் நின்றார். இரண்டு கைகளையும் மேலே தூக்கினார், இறக்கினார். "காத்து நல்லா வருது. எனக்கு இதுதான் பிடிச்சிருக்கு," என்று சிரித்தார்.

"அப்பா கேட்டா என்ன சொல்ல?"

"நான்தான் கேட்டேன்னு சொல்லுங்க."

கொட்டகை மேடையில்தான் விழா. பெண்கள் பகுதியில் நான்காவது வரிசையில், எங்கள் சபையைச் சேர்ந்த சில அம்மாக்களோடு உட்கார்ந்திருந்தேன். நடிகை மேடையேறியதும் விசில் காதைப் பிளந்தது. பக்கத்தில் இருந்த அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, "இதென்ன கோலம்! இந்தக் கோலத்தோடயா வந்தாக?" என்றார். தைத்தவள் நான் என்று அவருக்குத் தெரியும். என் பக்கம் ஒரு தடவை திரும்பிப் பார்த்தார். நான் மேடையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

மூத்த நடிகர் கேடயத்தைக் கையில் எடுத்தார். கொடுக்கவில்லை. மைக்குக்குப் பக்கத்தில் போனார்.

"இது அம்மன் குடியிருக்கிற மண்ணு. இத்தனை தாய்மார்கள் உட்கார்ந்திருக்காங்க. அவங்க முன்னாடி இப்படி அரைகுறையா வந்து நிக்கலாமா? என் மகளா இருந்தா விட்டிருப்பேனா?"

கைதட்டல் கொட்டகையை அதிர வைத்தது. பெண்களும் தட்டினார்கள். அவர் தன் தோளில் கிடந்த பொன்னாடையை எடுத்து, நடிகையின் இரண்டு தோள்களும் மறையும்படி சுற்றிப் போர்த்திவிட்டார். அதற்கு இன்னும் பெரிய கைதட்டல். புகைப்படக்காரரின் விளக்கு இரண்டு தடவை வெட்டியது.

நடிகை பொன்னாடையை எடுத்து, கடையில் மடிப்பதுபோல ஒழுங்காக மடித்து, மூத்த நடிகரின் நாற்காலியில் வைத்தார். மைக்கைப் பிடித்தபோது குரலில் கோபம் தெரியவில்லை.

"ஐயா என்கூட நடிச்ச படத்தை நீங்க எல்லாரும் பார்த்தீங்க. விவசாயி வேஷம். முழுப் படத்துலயும் சட்டை இல்லாமத்தான் நடிச்சாங்க. தாய்மார்களும் பார்த்தாங்க. யாரும் ஐயாவுக்குச் சால்வை போத்தல."

ஆண்கள் பக்கத்திலிருந்து சிரிப்பு வெடித்தது. மூத்த நடிகரின் முகம் இருண்டது.

"இந்த ரவிக்கையை உங்க ஊர்லதான் தச்சாங்க. நான் கேட்ட மாதிரியே தச்சாங்க. நல்லாத் தச்சிருக்காங்க."

சொல்லிவிட்டு, கேடயத்தைத் தொடாமல் மேடையை விட்டு இறங்கிப் போனார். பின்வரிசையில் நாற்காலிகள் பறந்தன. நடிகைக்கு ஆதரவாக ஒரு கூட்டம், மூத்த நடிகருக்கு ஒரு கூட்டம். திரையை இழுத்துவிட்டு இசைத்தட்டைப் போட்டார்கள். நான் எழுந்து நின்று, "அது என் தப்பு" என்று கத்தியிருக்கலாம். அந்தக் கூச்சலில் யாருக்கும் கேட்டிருக்காது என்று பல வருடம் எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். நடிகை ரவிக்கையைப் பற்றிப் பேசும்போது ஊசி விழுந்தால் கேட்கும் அமைதி இருந்தது என்பதும் எனக்குத் தெரியும்.

அடுத்த வாரம் சினிமா வாரப் பத்திரிகையில் பொன்னாடைப் படம் முழுப் பக்கத்துக்கு வந்தது. எங்கள் சபைக் கோயிலில் ஞாயிற்றுக்கிழமைப் பிரசங்கம் அடக்கத்தைப் பற்றி. கடைக்கு வந்தவர்கள் எல்லாரும் கேட்டது ஒரே கேள்வி.

"உங்க மகதான் தச்சாகளாமே?"

"அந்தம்மா கேட்டாக, இவ தச்சுக் கொடுத்தா. கேட்டதத் தைக்கிறதுதான வேலை," என்று அப்பா பதில் சொல்லிக்கொண்டிருந்தார். அவர் பொய் சொல்கிறோம் என்று அறியாமல் எனக்காகப் பொய் சொன்னார். வருசநாட்டிலிருந்து துணி எடுக்க வருகிறவர்கள்கூட அந்த நடிகையைத் திமிர் பிடித்தவள் என்று திட்டிவிட்டு, ரவிக்கைத் துணியை என்னிடமே தைக்கக் கொடுத்துவிட்டுப் போவார்கள். நான் வாங்கி வைத்துக்கொள்வேன்.

இரண்டு மாதம் இப்படிப் போனது. படப்பிடிப்புக்கு வண்டி ஓட்டிய டிரைவர் ஒருவர் கடைக்கு வந்தபோதுதான் அந்தச் செய்தி தெரிந்தது. மூத்த நடிகரின் அடுத்த படத்தில் அந்த நடிகை ஒப்பந்தமாகியிருந்தாராம். அவரை எடுத்துவிட்டு வேறொருவரைப் போட்டுவிட்டார்களாம். அன்று மதியம் சாப்பாட்டுக்குக் கடை அடைத்திருந்தபோது, கருகிய துண்டுகளை அப்பாவின் முன்னால் கொண்டுபோய் வைத்தேன்.

எல்லாவற்றையும் கேட்டார். ஒரு துண்டை எடுத்து ஓட்டை வழியே விரலை விட்டுப் பார்த்தார்.

"இது யாரு யாருக்குத் தெரியும்த்தா?"

"அந்தம்மாவுக்கும் எனக்கும் மட்டும்தாம்ப்பா."

"அப்ப அதோட இருக்கட்டும். அவுகளே சொல்லலையே. நீ ஏன் சொல்லணும்?"

"அவுகளுக்குப் படமே போச்சுப்பா."

"நீ சொன்னா திரும்பி வந்துருமா?" என்று கேட்டுவிட்டு எழுந்து கை கழுவப் போய்விட்டார்.

நான் அந்த வாரப் பத்திரிகைக்கு எழுதினேன். கரிப்பெட்டி, கங்கு, கட்டிலில் உட்கார்ந்து தைத்தது, எல்லாம். நடிகை ஒழுக்கமானவர், கை வைத்த ரவிக்கைதான் கேட்டார், ஆகவே அவர்மேல் ஒரு குற்றமும் இல்லை, குற்றம் என்னுடையது என்று முடித்தேன். கருகிய துண்டு ஒன்றையும் உறைக்குள் வைத்தேன். தபால் பெட்டியில் போட்டபோது பாரம் இறங்கினாற்போல இருந்தது.

கடிதத்தை அப்படியே போட்டார்கள். பெயரைப் போடவில்லை என்றாலும் எங்கள் ஊரில் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. அப்பா ஒரு வாரம் என்னோடு பேசவில்லை. ஆனால் சபையில் என்னைப் பாராட்டினார்கள். நான்காவது வரிசையில் பக்கத்தில் இருந்த அதே அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, "பாவம், அந்தப் புள்ள வேணும்னு செய்யல, பாத்தியா? நாமதான் தப்பா நெனச்சுட்டோம்," என்றார். கண்கூடக் கலங்கியிருந்தது. நான் நல்ல காரியம் செய்துவிட்டதாக நம்பினேன்.

பிறகு கடை முகவரிக்கு ஓர் இன்லண்டு கடிதம் வந்தது. கோணல்மாணலான கையெழுத்து. நடிகை எழுதியிருந்தார்.

உங்கள் மனசு புரிகிறது, கோபமில்லை என்று தொடங்கியிருந்தது. "ஆனால் கை கருகியது உங்கள் தவறு. கையில்லாமல் மேடையேறியது என் தவறு இல்லை. அது தவறே இல்லை. பிடித்துத்தான் போட்டேன். மேடையில் அதைத்தான் சொன்னேன். இப்போது எல்லோரும் என்னை மன்னித்துவிட்டார்கள். வழியில்லாமல் போட்டுக்கொண்டாள், பாவம் என்கிறார்கள். நான் பேசிய பேச்சுக்கு இனிமேல் என்ன மதிப்பு? ரவிக்கையில் கை இருந்திருந்தால் அந்த ஐயா கழுத்து இறக்கத்தைப் பற்றிப் பேசியிருப்பார். எழுதுவதற்கு முன்னால் என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்."

ரவிக்கை உடம்புக்குச் சரியாக இருக்கிறது, இன்னும் போடுகிறேன் என்று கடைசியில் ஒரு வரி.

முதலில் எனக்குக் கோபம்தான் வந்தது. கடையையும் அப்பாவையும் பகைத்துக்கொண்டு உண்மையைச் சொன்னவளுக்கு இதுவா பதில்? பல நாள் கழித்து, என் கடிதம் வந்த பத்திரிகையை எடுத்து மறுபடி படித்தேன். 'ஆகவே' என்று ஒரு வார்த்தை எழுதியிருந்தேன். கை வைத்துக் கேட்டார், ஆகவே குற்றமில்லை. கை வேண்டாம் என்று அவரே கேட்டிருந்தால் குற்றம்தான் என்று அந்த வார்த்தைக்குள் இருந்தது. மூத்த நடிகர் மைக்கில் சொன்னதை நான் மரியாதையான தமிழில், கண்ணீரோடு எழுதி அனுப்பியிருக்கிறேன். அதனால்தான் சபை அம்மாக்களுக்கு என் கடிதம் அவ்வளவு பிடித்திருந்தது.

பதில் எழுதினேன். மன்னிக்கச் சொல்லி நீளமாக எழுதியதைக் கிழித்துப் போட்டுவிட்டு, "நீங்கள் சொல்வது சரி" என்று மட்டும் ஒரு கார்டில் எழுதிப் போட்டேன். அதற்குப் பதில் வரவில்லை. அவர் இன்னும் சில வருடம் கதாநாயகியாக நடித்தார், பிறகு அண்ணி வேடங்கள், அம்மா வேடங்கள். மூத்த நடிகரோடு மறுபடி ஒரு படத்திலும் அவரை நான் பார்க்கவில்லை. அப்பாவிடம் அந்தக் கடிதத்தை வாசித்துக் காட்டியபோது, "வெவரமான பொம்பள," என்று மட்டும் சொன்னார். திட்டுகிறாரா, பாராட்டுகிறாரா என்று எனக்குப் பிடிபடவில்லை.

என் வாயைத்தான் கொஞ்சம் கட்டிக்கொண்டேன். "இம்புட்டு எறங்கணுமா?" என்று கேட்பதை நிறுத்தினேன். அது சுலபமாக இல்லை. பல தடவை நாக்கு நுனி வரை வந்து நிற்கும். எண்பதுகளில் ஒரு நாள், அல்லிநகரத்திலிருந்து ஒரு மாமியார் புது மருமகளைக் கூட்டிக்கொண்டு வந்தார். "கை முழங்கை வரைக்கும் வச்சுருங்க. எங்க வீட்டுல அதுதான் வழக்கம்," என்றார். நான் டேப்பைப் பிடித்தபடி அந்தப் பெண்ணைக் கேட்டேன்.

"உனக்கு எம்புட்டு வேணும்மா?"

மாமியார் முகம் சுருங்கியது. அந்தப் பெண் இதுவரை யாரும் இதைக் கேட்டதில்லை என்பதுபோல என்னைப் பார்த்தாள். தன் கையைப் பார்த்தாள். நன்றாக யோசித்தாள்.

"முழங்கை வரைக்கே இருக்கட்டும்க்கா," என்றாள். "வயக்காட்டுல கொசு புடுங்குது."

முழங்கை வரைக்கும் அளவெடுத்துக் குறித்துக்கொண்டேன்.