செங்கடலில் கணக்குச் சரியாக வந்த நாள்

1. முதல் நாள்

வுப்பர்டால் என்ற ஜெர்மன் நகரில் சுழியோடும் சாமான் கடை ஒன்றில் வேலைக்குச் சேர்ந்த முதல் நாள், முதலாளி ஊவே ஒரு சிலிண்டரைத் தூக்கி என் கையில் தந்தார். சுழியோடுபவர்கள் முதுகில் கட்டிக்கொள்ளும் காற்றுச் சிலிண்டர். அவர் டொச் மொழியில் சொன்னதை எங்கள் தமிழ்ப் பேச்சில் எழுதுகிறேன்.

"நாதன், இதுக்குள்ளை இருநூறு பார் அமுக்கம் இருக்கு. கீழை போட்டு வால்வை உடைச்சியெண்டால் சுவரைத் துளைச்சுக்கொண்டு போகும். விளங்கிச்சோ?"

விளங்கியது. அடுத்த நாளே வேறு வேலை தேடத் தொடங்கினேன். கிடைக்கவில்லை. அதற்கு முன் நான் வேலை செய்த பம்பு தொழிற்சாலையை மூடிவிட்டார்கள். காற்றை அமுக்கும் கொம்பிரசரைக் கழற்றிப் பூட்டத் தெரிந்தவன் என்பதால்தான் ஊவே என்னை எடுத்தார்.

கடையின் பின்புறம் என் இடம். சிலிண்டர்களுக்குக் காற்று நிரப்புவது, வாயில் வைத்து மூச்சுவிடும் ரெகுலேட்டர்களைப் பிரித்துக் கழுவிப் பூட்டுவது, ரப்பர் உடுப்புகளைத் தோய்த்துக் காயப்போடுவது எல்லாம் என் வேலை. அந்த உடுப்புக்குள் மனிதர் மூத்திரமும் பெய்வார்கள் என்பதை யாரும் முன்கூட்டிச் சொல்லவில்லை. கேட்டபோது ஊவே சிரித்தார். "ரெண்டு வகையான ஆக்கள் இருக்கினம். உடுப்புக்குள்ளை பெய்யிற ஆக்கள், பெய்யேல்லை எண்டு பொய் சொல்லுற ஆக்கள்."

வருடத்தில் இரண்டு தடவை ஊவே வாடிக்கையாளர்களைக் கூட்டிக்கொண்டு எகிப்துக்குப் போவார். செங்கடல் கரையில் ஒரு வாரம். ஒரு முறை என்னையும் வரச் சொன்னார்.

"எனக்கு நீந்தத் தெரியாது" என்றேன்.

"உன்னை ஆர் நீந்தச் சொன்னது? நீ படகிலை நிண்டு ஆக்களை எண்ணு. எப்பிடியும் எல்லாத்தையும் எண்ணிக்கொண்டுதானே திரியிறாய்."

அது உண்மை. திருகாணிகளையும் வொஷர்களையும் எண்ணாமல் நான் மேசையை விட்டு எழும்புவதில்லை.

2. ஹொலிடே

எங்கள் தமிழ் ஆட்களின் கொண்டாட்டங்களில் என்னைக் கண்டால் ஒரு பேச்சு இருக்கும். "அண்ணைக்கு என்ன, வருசத்திலை ரெண்டு தரம் ஈஜிப்த் ஹொலிடே." உண்மை வேறு. சொன்னால் நம்பமாட்டார்கள்.

அந்த ஹொலிடேயில் நான் கடலில் கால் நனைத்ததில்லை. காலையில் சுழியோடும் நிலையத்தில் வாடகை உடுப்பும் ரெகுலேட்டரும் எடுத்து, ரெகுலேட்டர் ஒவ்வொன்றையும் ஊதிப் பார்த்துப் படகில் ஏற்ற வேண்டும். படகு பவளப்பாறைக்குப் போகும். ஆட்கள் கீழே இறங்குவார்கள். அவர்கள் வரும் வரைக்கும் நான் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருப்பேன். குமிழிகள் வருகின்றனவா என்று பார்ப்பேன். எல்லோரும் மீன் பார்த்த மகிழ்ச்சியில் மேலே வருவார்கள். எனக்கு முதுகு பிடித்திருக்கும்.

மேலே வருபவரின் துடுப்புச் செருப்பைப் படகின் பின் ஏணியில் நின்று வாங்குவேன். வாங்கும்போது ஒன்று, இரண்டு என்று எண்ணுவேன். எண்ணிக்கை முடிந்ததும் ஊவேக்குச் சொல்வேன். அவர் கப்டன் மஹ்மூத்துக்குப் பெருவிரலைக் காட்டுவார். கயிற்றை அவிழ்ப்பார்கள். இவ்வளவுதான் முறை. பல வருடங்கள் அதில் பிழை வந்ததில்லை.

3. தேவகியின் மகள்

ஹம் நகரில் இருக்கும் தேவகி எனக்குத் தூரத்து உறவு. பேக்கரித் தொழிற்சாலையில் வேலை. அவருடைய மகள் ஆரணி இங்கேயே பிறந்து வளர்ந்தவள், மருத்துவமனையில் தாதி. எங்கள் கடையில் சுழியோடப் பழகினாள். ஈஸ்டர் விடுமுறைக்கு எகிப்துக்கு வரப் பெயர் கொடுத்தாள். தாய் எனக்குப் போன் எடுத்தார்.

"அண்ணை, நீங்கள் போறபடியால்தான் விடுறன். இல்லாட்டி ஏலாதெண்டு சொல்லியிருப்பன்."

"தேவகி, எனக்கு நீந்தத் தெரியாது."

"அது பரவாயில்லை. கடலிலை அவள் தன்னைப் பாப்பாள். நீங்கள் வெய்யிலைப் பாருங்கோ. ஆடி பிறக்க முதல் கலியாணம் வைச்சிருக்கிறம். பிள்ளை கறுத்துப்போய் வந்தால் ஃபோட்டோ என்னத்துக்கு ஆகும்?"

எனக்கு எரிச்சலாக இருந்தது. பிள்ளையைக் கடலுக்கு அனுப்புகிறவர் வெயிலுக்குப் பயப்படுகிறார். ஆனாலும் சரி என்று சொன்னேன். சொன்ன பிறகு அது என் பொறுப்பு.

4. பன்னிரண்டு

கடைசிக்கு முந்திய நாள். காற்று எழும்பியிருந்தது. பாறையருகே இரண்டு படகுகள் பக்கத்தில் பக்கத்தில் கட்டியிருந்தன. இரண்டும் ஒரே நிலையத்தின் படகுகள். எங்களுடையதில் ஊவேயின் ஆட்கள் பன்னிரண்டு பேர். மற்றதில் செக் நாட்டவர் பதினான்கு பேர். அப்படிக் கட்டியிருக்கும்போது ஆட்கள் ஒரு படகிலிருந்து மற்றப் படகுக்குக் கால் வைத்துத் தாண்டித் தேத்தண்ணி குடிக்கப் போவார்கள். அது அங்கே வழக்கம்.

எல்லோருக்கும் நிலையத்தின் ஒரே மாதிரிக் கறுத்த உடுப்பு, தலையை மூடும் கறுத்த தொப்பி, முகத்தில் கண்ணாடி. மேலே வந்தவர்களின் செருப்புகளை வாங்கி எண்ணினேன். கடைசியாக வந்தவர் சிலிண்டரை இறக்கிப் போட்டுவிட்டு, கண்ணாடியையும் கழற்றாமல், வாயைப் பொத்திக்கொண்டு நேரே கழிவறைக்கு ஓடினார். கடல் மயக்கம். அவரோடு பன்னிரண்டு. வெற்றுச் சிலிண்டர்களையும் எண்ணினேன். அவையும் பன்னிரண்டு.

"நாதன், எத்தினை?"

"பன்னிரண்டு."

ஊவே பெருவிரலைக் காட்டினார். செக் படகும் புறப்பட்டு வேறு பக்கம் திரும்பியது.

கடல் மயக்கத்துக்கு நல்லதென்று தேவகி தந்துவிட்ட இஞ்சி இனிப்புப் பை என்னிடம் இருந்தது. வாந்தி எடுத்தது ஆரணியாக இருக்கலாம் என்று கழிவறைக் கதவைத் தட்டினேன். உள்ளே முனகல் மட்டும் கேட்டது. கொஞ்சம் பொறுத்துக் கதவு திறந்தது. வெளியே வந்தவர் செம்பட்டைத் தாடி வைத்த, நான் ஒருநாளும் பார்த்திராத மனிதர். என்னைப் பார்த்தார், படகைப் பார்த்தார். பிறகு ஆங்கிலத்தில், "இது எங்கடை படகு இல்லையே" என்றார்.

மேல்தட்டுக்கு ஏறினேன், இறங்கினேன், ஒவ்வொரு முகமாகப் பார்த்தேன். ஆரணி இல்லை.

அவளோடு சோடியாக இறங்கியவர் ஹெர் லாங்க, ஓய்வு பெற்ற ஆசிரியர். சோறும் கோழியும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"ஆரணி எங்கை?"

"எனக்கு முதலே ஏறிட்டாள். ஏணியைப் பிடிச்சதை என்ரை கண்ணாலை கண்டன்."

"எந்த ஏணி?"

அவர் கரண்டியைக் கீழே வைத்தார். "ஏணி எண்டால்... ஏணிதானே" என்றார். அதற்குப் பிறகு அவர் சாப்பிடவில்லை.

ஊவேயிடம் சொன்னேன். "நீதானே பன்னிரண்டு எண்டு சொன்னாய்" என்றார்.

"பன்னிரண்டுதான். ஆனால் ஒராள் எங்கடை ஆள் இல்லை."

ஊவே உடனே படகைப் பாறைக்குத் திருப்பச் சொன்னார். மஹ்மூத் திருப்பிக்கொண்டே ரேடியோவில் செக் படகைக் கூப்பிட்டார். அரபியில் பேசிவிட்டு எங்களிடம் ஆங்கிலத்தில் சொன்னார். "அங்கை பிரச்சினை இல்லையாம். அவையின்ரை ஆக்கள் பதினாலு பேரும் இருக்கினமாம்."

அங்கே ஒருவரும் கூடுதலாக இல்லை. அப்படியென்றால் அவள் தண்ணீருக்குள் இருக்கிறாள் என்றுதான் ஊவேக்குப் பட்டது. அலை வெள்ளை வெள்ளையாக உடைந்துகொண்டிருந்தது. அதற்குள் ஒரு கறுத்த தலையை எப்படிக் கண்டுபிடிப்பது? எனக்குத் தேவகியின் குரல்தான் காதில் கேட்டது. நீங்கள் போறபடியால்தான் விடுறன்.

பக்கத்தில் செம்பட்டைத் தாடிக்காரர் துவாயைப் போர்த்துக்கொண்டு, குற்றவாளி போலக் குந்தியிருந்தார். அவரைப் பார்த்தபோதுதான் எனக்குப் பொறி தட்டியது.

"ஊவே, இந்த ஆள் அந்தப் படகின்ரை ஆள். இங்கை இருக்கிறார். அப்ப அங்கை பதின்மூண்டு பேர்தானே இருக்கோணும்?"

ஊவே தாடிக்காரரைப் பார்த்தார்.

"பதினாலு எண்டு சொல்லுகினம்" என்றேன். "இவரின்ரை இடத்திலை ஆரோ இருக்கினம்."

"இல்லாட்டி அவங்கள் ஒழுங்கா எண்ணேல்லை" என்றார் ஊவே.

அதுவும் நடக்கக்கூடியதுதான். அதனால் படகை நிறுத்தவில்லை. எல்லோரும் கைப்பிடிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு தண்ணீரைத் தேடினார்கள். நான் மஹ்மூத்திடம் போய், "திருப்பி எண்ணச் சொல்ல வேண்டாம். ஒவ்வொருத்தரிட்டையும் பேரைக் கேக்கச் சொல்லுங்கோ" என்றேன். அவர் ரேடியோவில் சொன்னார்.

பிறகு ரேடியோ மௌனமாகிவிட்டது. நான் எதையும் எண்ணாமல் நின்ற நேரம் என் வாழ்க்கையில் அது ஒன்றுதான்.

ரேடியோ இரைந்தது. அரபியில் யாரோ சிரித்தார்கள். மஹ்மூத் திரும்பிக் கன்னத்தில் கையை வைத்து, தலையைச் சாய்த்துக் காட்டினார். நித்திரை.

அதன் பிறகு ஒரு பெண் குரல் வந்தது. "மாமா? நான் இங்கை இருக்கிறன். அம்மாட்டைச் சொல்லிப்போடாதேங்கோ."

ஊவே தட்டில் குந்திவிட்டார். ஹெர் லாங்க அழுதார். நான் இஞ்சி இனிப்பில் ஒன்றை எடுத்து வாயில் போட்டேன்.

நடந்தது இதுதான். அலையில் அவள் பக்கத்துப் படகின் ஏணியைப் பிடித்துவிட்டாள். மேலே ஏறிய பிறகுதான் தெரிந்திருக்கிறது. எல்லோரும் தாண்டிப் போவதுதானே, பிறகு மெதுவாகத் தாண்டலாம் என்று நினைத்திருக்கிறாள். வெயில் சுட்டது. தாய் சொன்னது நினைவுக்கு வர, நிழலில் படுத்து உச்சி முதல் பாதம் வரை துவாயால் மூடிக்கொண்டாள். கடல் மயக்கத்துக்குக் காலையில் போட்ட குளிசை நித்திரையாக்கிவிட்டது. அங்கே எண்ணியவர் துவாய் மூட்டையையும் ஒரு தலையாக எண்ணிவிட்டார். எங்கள் தமிழ் ஆட்களில்தான் இப்படி ஒரு பிள்ளை இருக்கும். மற்றவர்கள் கறுப்பதற்காகக் காசு கொடுத்து வந்து வெயிலில் கிடக்க, இவள் மூடிக்கொண்டு படுத்திருக்கிறாள்.

5. பிறகு

ஹம்மில் ரயிலிலிருந்து இறங்கியபோது தேவகி மேடையில் நின்றார். மகளின் நாடியைப் பிடித்து இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பிப் பார்த்தார்.

"ஒரு சொட்டும் கறுக்கேல்லை. அண்ணை, உங்களை நம்பி விட்டதுக்கு நல்லாத்தான் பாத்திருக்கிறியள்."

ஆரணி நிலத்தைப் பார்த்தாள். நான் அடுத்த ரயில் எத்தனை மணிக்கு என்று பலகையைப் பார்த்தேன்.

இதை எழுதுவதற்கு அவளிடம் கேட்டேன். "எழுதுங்கோ மாமா. கலியாணம் முடிஞ்சுது, ஃபோட்டோவும் எடுத்தாச்சு. இனி அம்மா வாசிச்சால் என்ன?" என்றாள்.

இளையவர்களுக்குச் சொல்ல என்னிடம் இருப்பது கொஞ்சம்தான். அன்று இரண்டு படகுகளிலும் ஒருவரும் எண்ணிக்கையில் பிழைவிடவில்லை. தலையும் சரி, சிலிண்டரும் சரி. எல்லாம் சரியாக இருந்ததால்தான் ஒருவரும் தேடவில்லை. எத்தனை பேர் என்று கேட்கிற வேலை எதுவாக இருந்தாலும், அது வயோதிபர் இல்லமோ பள்ளிச் சுற்றுலாவோ, யார் யார் என்றும் கேளுங்கள். பதிலை அந்த ஆளின் வாயாலேயே கேளுங்கள்.

ஓய்வூதியம் வந்த பிறகும் ஊவே என்னை விடவில்லை. குறைந்த மணிநேர வேலை, மினிஜொப் என்று பெயர், முதுகு வலி பழையதுதான். படகில் இப்போது தொப்பியைக் கழற்றச் சொல்லி ஒவ்வொரு பெயராகக் கூப்பிடுகிறேன். டொச்சுக்காரர் ஒவ்வொருவராக "ஹியர்" என்பார்கள், சிலர் அலுத்துக்கொள்வார்கள். ஆரணியும் புருசனோடு வருகிறாள். அவள் பெயரைக் கடைசியில் வைத்திருக்கிறேன். "ஓம் மாமா" என்று கேட்ட பிறகுதான் கயிற்றை அவிழ்க்கச் சொல்வேன்.